பூவுக்குப் போட்ட ஊசி

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? மருமகனுடைய கண்ணாடித் தொட்டி எங்கே போனது என்று தெரிந்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரு வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். வெறும் சுவரைப் பார்த்து, இங்கே என்ன இருந்தது, ஏன் இப்போது இல்லை என்று துருவக் கூடாது. வயசு போன மனிசியின் வாயைக் கிண்டினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியாது. சரி, நீங்கள் எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர் இல்லை. நாளைக்கு பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். அதனால் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

என் மருமகன் கற்பிட்டிக்காரர். கடலுக்கு அடியில் சுழியோடிப் போய்க் கலர் மீன் பிடித்து, அதை வெளிநாட்டுக்கு அனுப்புகிற முதலாளிக்குக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கியவர்கள். என் மகள் இங்கேதான், கிடுகுக் கொட்டிலுக்குள் பிறந்தாள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். அதனால் பரம்பரையாக இந்த ஊரில் இருந்தவர், ஊர் விட்டு வந்தவளுடைய வீட்டுக்குக் குடிவந்தார். இதைக் கலியாணத்தன்றே பகிடியாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் இருந்து கதைப்பது எங்களில் குறைவு. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, "மகள், மருமகனுக்குச் சோறு போடு" என்று சொல்வதோடு சரி. நாங்களும் அப்படித்தான் இருந்தோம், அந்தத் தொட்டி வரும்வரைக்கும்.

முன் அறையில் சுவரோடு சேர்த்து வைத்தார். கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கல் அடுக்கினார், மோட்டார் பூட்டினார். நடுவில் ஒரு பெரிய கடல்பூ. பூ என்றால் செடியில் பூக்கிற பூ இல்லை. அதுவும் ஒரு உயிர்தான். விரல் விரலாக ஆட்டிக்கொண்டு கல்லில் ஒட்டியிருக்கும், வாயில் எது பட்டாலும் தின்னும். அந்த விரல்களுக்குள் தோடம்பழ ஒரேஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டி போட்ட ஒரு சோடி மீன். எத்தனையோ மீன் பிடித்து விற்றவர், தனக்கென்று வைத்துக்கொண்டது அந்தச் சோடியை மட்டும்தான். தொழிலுக்குப் போய்க் களைத்து வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார். என் மகளைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் டிவி பழுதாகிக் கிடந்தது. நான் வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் இருக்கத் தொடங்கினேன். ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"மகன், இதுல பொம்பிள எது?"

"பெரிசுதான் மாமி பொம்பிள. வீட்டுக்காரி அவதான். சின்னது ஆம்பிள. அவ சொன்னதக் கேட்டு நடக்கும்."

"அப்ப இதுகளும் பொண்ணு வீட்டுக்குப் போற சாதிதான். சின்னவருக்குச் சோறெல்லாம் ஒழுங்காப் போடுறாங்களா?"

மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்குத்தான் அந்தத் திரைச்சீலை விலகியது. அதற்குப் பிறகு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் எங்கள் இருவருக்கும் தொட்டிக்கு முன்னால்தான் கதை. கடலுக்கு அடியில் கண்டதையெல்லாம் சொல்வார். நான் நம்பாத மாதிரிக் கேட்பேன். என் புருசன் மௌத்தாகிப் போன பிறகு என்னோடு இருந்து கதைக்க ஒரு ஆள் கிடைத்தது அப்போதுதான். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பிறகு கூட்டாளி ஒருவர் கொடுத்தார் என்று மருமகன் ஒரு கல்லைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார். சில நாள் கழித்து அதன் இடுக்கில் கண்ணாடி மாதிரி ஒன்று முளைத்தது. நகத்தளவுதான் இருக்கும். மெல்லிய தண்டு, தலையில் ஓலை விரித்த மாதிரி. முந்தல் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் ஒரு கன்றைப் பிடுங்கிச் சுருக்கி வைத்தது மாதிரியே இருந்தது.

"மகன், தென்ன முளைச்சிருக்கு. நெத்துக் காய்ச்சா எனக்கும் தாங்க."

அவர் கிட்ட வந்து பார்த்தார். முகம் கறுத்துப் போனது. ஒரு பேர் சொன்னார். இங்கிலீசுப் பேர், தும்மின மாதிரி இருந்தது. தும்மினவருக்கு நாங்கள் சொல்கிற மாதிரி "யர்ஹமுகல்லாஹ்" என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

"இது கூடாத சாமான் மாமி. பெருகிச்சுதெண்டா மத்ததுகளச் சுட்டுக் கொல்லும். எங்கட பெரிய பூவும் தப்பாது. பூ போனா இந்தச் சோடிக்கு வீடில்ல."

அன்றைக்கே சவர பிளேட்டால் அதைச் சுரண்டி எடுத்தார். அதுதான் பிழை. அந்தச் சனியனை அறுத்தால் சாகாது, அறுந்த துண்டெல்லாம் முளைக்கும். கொஞ்ச நாளில் கல்லின் நாலு பக்கமும் தென்னங்கன்று. தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளியை அடித்தார். சுடுதண்ணீர் அடித்தார். ஒன்று செத்தால் இரண்டு எட்டிப் பார்த்தது.

கடைசியில் போனில் எதையோ பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்.

"மாமி, உங்கட சுண்ணாம்பில கொஞ்சம் தருவீங்களா?"

"என்னத்துக்கு? வெத்தில போடப் பழகப்போறீங்களா?"

"எனக்கில்ல. அதுகளுக்கு. வெளிநாட்டுல இதுக்கெண்டே ஒரு மருந்து விக்கிறாங்க. பாத்தா அது சுண்ணாம்புதான்."

சுண்ணாம்பைத் தடிப்பாகக் கரைத்து, சிரிஞ்சில் ஏற்றி, அதன் வாயில் விட வேண்டுமாம். ஆனால் சிரிஞ்சு வாங்கப் போகத்தான் அவருக்குப் பயம். தூள் அடிக்கிற பொடியன்கள் கூடிப்போன காலம், இளம் ஆள் போய்ச் சிரிஞ்சு கேட்டால் ஃபாமசிக்காரன் ஒரு மாதிரிப் பார்ப்பான். நான் அபாயாவைப் போட்டுக்கொண்டு போனேன்.

"ஊசி இல்லாம சிரிஞ்சு மட்டும் தாங்க தம்பி."

"ஆருக்கும்மா?"

"பூவுக்கு."

"பூவுக்கா? அப்ப டொக்டர்ட துண்டு இருக்கா?"

"பூ டொக்டரிட்டப் போகமாட்டனெண்டு அடம் பிடிக்குது தம்பி."

பாவம், கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து ஒன்றைச் சும்மாவே தந்தான்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. மோட்டாரை நிற்பாட்டித் தண்ணீரை அசையாமல் வைப்போம். நான் கோப்பையில் சுண்ணாம்பு கரைத்துக் கொடுப்பேன், டோர்ச் பிடிப்பேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு சிரிஞ்சைக் கிட்டக் கொண்டுபோவார். பட்டால் சுருங்கி இடுக்குக்குள் ஒளித்துவிடும், அதனால் தொடாமல் மெல்ல விட வேண்டும். அது சாப்பாடு என்று நினைத்து விழுங்கும். அப்படியே வெள்ளையாகி உட்கார்ந்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் போடவும் முடியாது. சுண்ணாம்பு கூடினால் தண்ணீர் காரமாகி மீனுக்கு ஆகாது. அதனால் தினமும் கொஞ்சம்.

"ஆ காட்டுங்க தங்கம்," என்று நான் டோர்ச்சுக்குப் பின்னால் இருந்து சொல்வேன். "சுண்ணாம்பு போட்டாச்சு, பாக்கு பிறகு தாரன்."

"சிரிப்புக் காட்டாதீங்க மாமி, கை ஆடுது."

என் மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் பைத்தியம்" என்பாள். கற்கள் ஒவ்வொன்றாகச் சுத்தமாகிக்கொண்டு வந்தன. பெரிய பூ மறுபடி விரல்களை முழுசாக விரித்தது. நாங்கள் வெல்கிற மாதிரித்தான் இருந்தது.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அவருடைய மூத்த நானா வீட்டுக்கு வந்தார். நல்ல மனிசர்தான். தொட்டிக்கு முன்னால் நின்று, "இது என்னடா கண்ணாடி மாதிரி?" என்று தம்பியிடம் கேட்டார். நான் தேத்தண்ணித் தட்டோடு திரைச்சீலையைத் தாண்டி வந்து நின்றேன். மகள் எனக்குப் பின்னால் பிஸ்கட்டோடு.

மருமகன் சொன்னார்: "இதுகள் அகதி மாதிரி நானா. ஒரு கல்லோட ஒண்டு வந்திச்சு. இடம் குடுத்தாப் போதும், முழு வீட்டையும் புடிச்சிடும்."

நானா சிரித்தார். மருமகனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியவர் எங்களைக் கண்டார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இது சத்தியம். இந்த ஊரில் அந்தச் சொல் காற்று மாதிரி. நாங்கள் வந்த காலத்தில் கிணற்றடியில், கடையில், பள்ளிக்கூடத்தில் எல்லா இடத்திலும் அதுதான் எங்கள் பேர். சோறு தந்தவர்களும் அந்தப் பேரைச் சொல்லித்தான் தந்தார்கள். அவர் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த சொல், நாக்கில் தானாக வந்துவிட்டது. வந்த இடம்தான் பிழை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டை மேசையில் வைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன்:

"அப்ப எனக்கும் ஒரு ஊசி போட்டு விடுங்க மகன். சுண்ணாம்பு எனக்குப் பழக்கந்தான், கஷ்டப்படுத்தாமப் போயிடுவன்."

நானா கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது, பகிடியால் மூடிவிட்டோம் என்று நினைத்தேன். அவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை எடுக்கவும் இல்லை.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு நான் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இருந்தேன். அவர் வரவில்லை. கடல் பக்கம் போய்விட்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பிறகு ஒருநாள் வாசலில் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க மகன். மூலையில நாலஞ்சு தலை தூக்கி இருக்கு. இண்டைக்குப் போட்டுவிடுவம்."

"வேணாம் மாமி." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? பெரிய பூவச் சுடுமெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"இருக்கட்டும் மாமி."

அவருக்கு அந்தச் சிரிஞ்சைத் தொட முடியவில்லை. என் கண் முன்னால் எப்படித் தொடுவார்? ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பு விடும்போது யாருக்கு விடுகிற மாதிரி இருக்கும்? அதை அந்த மாதிரி ஆக்கிவிட்டது அவருடைய சொல் இல்லை. என் பகிடிதான். நான் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு ஏச்சு ஏசியிருந்தால், இரவுக்குள் வந்து மாப்புக் கேட்டிருப்பார். நானும் மாப்புக் கொடுத்து, அடுத்த நாள் டோர்ச் பிடித்திருப்பேன். சிரித்துவிட்ட ஆளிடம் எப்படி மாப்புக் கேட்பது? அந்தக் கதவை நான்தான் சாத்தினேன்.

நானே போட்டுப் பார்ப்போம் என்று சிரிஞ்சை எடுத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, அதன் வாய் தப்பியது. சுண்ணாம்பு தண்ணீரில் பால் மாதிரிக் கலைந்தது. பயந்து விட்டுவிட்டேன். அதுகள் பெருகின. கல், கண்ணாடி, மோட்டார் எல்லாவற்றிலும் கண்ணாடித் தென்னந்தோட்டம். பெரிய பூ முதலில் ஒரு பக்கம் சுருண்டது. பிறகு கல்லை விட்டுக் கழன்று மூலையில் கிடந்து செத்துப்போனது. அந்தச் சோடி இரண்டும் அது இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. அவர் அதைப் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். மகளிடம், "மாமி சாப்பிட்டாவா?" என்று கேட்பது கேட்கும். திரைச்சீலை பழையபடி தொங்கியது.

ஒரு காலையில் சோடி மீனைப் பையில் போட்டுக்கொண்டு போய் முதலாளியின் தொட்டியில் விட்டுவிட்டு வந்தார். தண்ணீரை வாளி வாளியாக முற்றத்து மணலில் ஊற்றினார். கடலில் ஊற்றினால் அதுகள் அங்கேயும் போய்விடும் என்பதால் கற்களையும் கடலில் போடவில்லை. வெயிலில் சாக்கு விரித்துப் பரப்பினார். நான் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை மரமும் சளி மாதிரிச் சுருங்கிக் காய்ந்தன. எங்கள் இருவருக்கும் தோற்காததுகள் வெயிலுக்குத் தோற்றன.

கல்லைப் புரட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"மாமி, அண்டைக்கு நான் நானாட்டச் சொன்னது…"

எவ்வளவு நாள் காத்திருந்த கதை அது! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லி முடிக்கமாட்டாமல் அதே கல்லைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். எனக்குத் தாங்கவில்லை, நாக்கு முந்திக்கொண்டது.

"அத விடுங்க மகன். கல்லெல்லாம் காஞ்சாப் பிறகு ரெண்டு எனக்குத் தாங்க, பாக்கு இடிக்க."

அவர் லேசாகச் சிரித்தார். "தாரன் மாமி," என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மருந்து வாங்கித் தருகிறார், பெருநாளைக்குச் சேலை வாங்கித் தருகிறார். கதைதான் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்கள் எல்லோரும் எங்களோடு வள்ளத்தில் வந்தவர்கள், அல்லது அவர்கள் பெற்ற பிள்ளைகள். அந்தச் சொல் அவர்கள் காதில் விழுந்தால் மருமகன் இந்த ஒழுங்கையால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. தொட்டியைக் கவிழ்த்த அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுக்காரியும் முன் வீட்டுக்காரியும் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன ராத்தா, மருமகன் மீன் தொட்டியக் கழுவிக் கவிழ்த்துப் போட்டிருக்கார்? என்ன நடந்திச்சு?"

"நான்தான் எடுக்கச் சொன்னன்," என்றேன். "ராவெல்லாம் மோட்டார் கத்துது, நித்திரை இல்ல."

"அல்லாஹ்! அந்தப் புள்ள எவ்வளவு ஆசையா வச்சிருந்திச்சு! வீட்டுக்கு வந்த மருமகன இப்பிடியா படுத்துறது? உங்களுக்குக் கொஞ்சமும் ஈவு இரக்கம் இல்லையா?"

"இல்ல," என்றேன். "ஒரு சொல் எதிர்த்துச் சொல்லாம எடுத்துட்டார். அப்பிடி ஒரு மருமகன் உங்களுக்கு இருக்கா, சொல்லுங்க பாப்பம்."