கம்பியூட்டர் வாசிக்காத வரி

புரோகிராமிங் வகுப்பின் முதல் நாள், கம்பியூட்டர் லெப்பில் நான் வழக்கமாகச் சொல்வது இது: "இரண்டு சாய்கோடு போட்டு எழுதும் வரிக்குக் கொமென்ட் என்று பெயர். கம்பியூட்டர் அதை வாசிக்காது. பிறகு வாசிக்கப்போகும் மனிதருக்காக எழுதுங்கள்."

இதை ஆங்கிலத்தில்தான் சொல்வேன். கண்டியில் நான் வேலை பார்த்த கல்லூரியில் லெப்புக்குள் ஆங்கிலம் மட்டும் என்பது சட்டம். இன்ஸ்ட்ரக்டர்களில் தமிழன் நான் ஒருவன்தான். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று, சட்டத்தை மற்றவர்களை விட இறுக்கிப் பிடித்தேன். காலையில் கடுகண்ணாவையில் ரயில் ஏறினால் வீடு திரும்பும்வரை வாயில் தமிழ் வராது. பகல் சாப்பாடும் தனியேதான்.

ஒரு வருடம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ரிஸ்னா என்ற பிள்ளை வந்தாள். அந்த வகுப்பில் தமிழ் பேசுகிற வேறு பிள்ளை கிடையாது. கடைசி வரிசையில் ஜன்னலோரக் கதிரை. "எனி ப்ரொப்ளம்?" என்று கேட்டால், "நோ சேர்" என்பாள். வாராவாரம் பத்துக்குப் பத்து. எனக்கென்ன கவலை?

ஏழாவது வாரம், அவள் கோர்ஸை விட்டு விலகும் படிவம் என் கையெழுத்துக்கு வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றாகச் செய்கிற பிள்ளைக்கு இதென்ன கிறுக்கு! காரணம் தேடி அவளுடைய ஃபைல்களைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றுதான் முதல் தடவை திறந்தேன். மார்க்ஸ் போட நானே எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. அது விடை சரியா என்று மட்டும் பார்க்கும்.

ஒவ்வொரு புரோகிராமின் தொடக்கத்திலும் ஒரு கொமென்ட், ஆங்கில எழுத்தில் தமிழ்.

முதல் வாரம்: "சேர், இது வேல செய்யுது. ஏன் செய்யுது எண்டு வெளங்குற இல்ல."

மூன்றாம் வாரம்: "லூப் எத்தின தரம் சுத்துது எண்டு தெரியா. புத்தகத்த பாத்து எழுதின."

ஐந்தாம் வாரம்: "எல்லாரும் டக்கு டக்கெண்டு அடிக்கிறாங்க. எனக்கு மட்டுந்தானா சேர்?"

ஆறாம் வாரம்: "இண்டைக்கும் ஒத்தரோடயும் பேசல்ல."

அதற்கும் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன்.

படிவத்திலிருந்த நம்பருக்கு அடித்தேன். அவள்தான் எடுத்தாள்.

"வாசிச்சீங்களா சேர்?"

"இப்பத்தாம்மா வாசிச்சேன்."

படிவத்தைத் தள்ளி வைத்தேன்.

"திரும்பி வாம்மா. நான் தமிழ்லயே சொல்லித் தர்றேன்."

"டவுன்ல கடையொண்டுல வேலைக்கு சேந்துட்டன் சேர். இத அப்பவே சொல்லியிருந்தா நல்லம்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஏழு வாரம் ஒரே அறையில் இரண்டு தமிழ் வாய்கள் மூடிக் கிடந்திருக்கின்றன. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

அதன்பிறகு வேலையை விடும்வரை ஃபைல்களைத் திறந்து, கொமென்ட்களை வாசித்துவிட்டுத்தான் ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டேன். அப்படி ஒரு வரி மறுபடி வரவில்லை.

புரோகிராமிங் கோர்ஸில் சேரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எழுதிய புரோகிராம் வேலை செய்யும், ஏன் என்று உங்களுக்கே விளங்காது. பக்கத்தில் வேகமாக அடிக்கிறவனுக்கும் பாதி விளங்காது, ஆனால் சொல்லமாட்டான். நீங்கள் கொமென்டில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முன்னால் நிற்பது என்னைப் போல ஒருவனாக இருக்கலாம். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில், சத்தமாகக் கேளுங்கள்.