பவளம் முட்டையிட்ட காலையில் இராமினா ஓட்டிய விமானம்

எங்கள் ஹானாரித் தீவுக்கு இருக்கிறது ஒரே விமானம். இருபது பேர்கூட ஏற முடியாது. காலையில் பெரிய தீவிலுள்ள நாஹா நகரத்துக்குப் போகும், சாயங்காலம் திரும்பி வந்து, கரும்புக் காட்டை ஒட்டிய ஓடுபாதையின் ஓரமாக நின்றுகொள்ளும். அதைப் பல வருஷமாக ஓட்டியவர் இராமினா தோகுஷின். நான் தேருயா. நிலையத்தின் ஒரே கவுண்டரில் உட்கார்ந்து, ஆட்களையும் மூட்டைகளையும் எடை போட்டு ஏற்றி அனுப்புவது என் வேலை.

இராமினா அதிகம் பேசாதவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும், பார்வை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். அவர் மனைவி மிட்சுயோ எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள்: "எங்க வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளயேதான் இருப்பாரு. ஆனா கூப்பிட்டா, அவரு வந்து சேர ரெண்டு நிமிஷம் ஆகும்."

விமானத்தில் அப்படி இல்லை. ஏறி உட்கார்ந்தால் வேறு ஆள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தட்டில் கிண்ணத்தை வைப்பதுபோல் இறக்குவார். குடிப்பதும் அபூர்வம். மறுநாள் விமானம் இருந்தால் பீரைக்கூடத் தொடமாட்டார்.

அந்த வசந்தத்தில், அவர் அப்பா இறந்தபின் வந்த முதல் கல்லறை விருந்து. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பம் மொத்தமும் கல்லறை முற்றத்தில் பாய் விரித்து, போனவர்களோடு சேர்ந்து சாப்பிடும் நாள். பன்றி இறைச்சி, கடற்பாசி, வறுத்த மீன் எல்லாம் அடுக்குப் பெட்டிகளில் வந்திருந்தன. அப்பா பல வருஷமாகப் புதைத்துவைத்திருந்த அவாமோரிச் சாராய ஜாடியைப் பெரியப்பா தோண்டி எடுத்து வந்தார்.

"உங்கப்பன் எனக்குக்கூட ஊத்தலடா இதை. நீ குடிக்கலன்னா அவனுக்குத் தொண்டை நனையாது" என்றார் பெரியப்பா.

"காலைல விமானம் இருக்கு பெரியப்பா."

"காலைலதானே. இப்ப வெயிலே இறங்கல."

ஒரு கிண்ணம் என்று ஆரம்பித்தது. பழைய அரிசிச் சாராயம் தேன்போல இறங்கும். தலைக்கு ஏறுவது தெரியாது. பொழுது சாயும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்து அப்பாவோடு குடித்தார் என்று மிட்சுயோ பிறகு சொன்னாள். வீட்டுக்கு வந்து படுத்தார். விடிந்ததும் எழுந்து குளித்தார். தலைவலி இல்லை, நடையில் தள்ளாட்டம் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூச்சை ஊதிப் பார்க்கும் கருவி அப்போது எங்கள் நிலையத்தில் கிடையாது. முகத்தைப் பார்த்து "நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்பதுதான் சோதனை. நானும் கேட்டேன். "நல்லாத் தூங்கினேன்" என்றார். அது பொய்யும் இல்லை.

அன்று எனக்கு நாஹாவில் பல் வைத்தியரிடம் வேலை. கவுண்டரை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு நானே பயணியாக ஏறினேன். எங்கள் விமானத்தில் ஓட்டுகிற இடத்துக்குக் கதவில்லை, ஒரு திரைதான். அதையும் கட்டியே வைத்திருப்போம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் இரண்டு பேரின் முதுகும் தெரியும். அவருக்குப் பக்கத்தில் துணை விமானி கிஷாபா மாயுமி. எங்கள் தீவின் டோஃபுக் கடைக்காரி மகள்தான். கைக்குழந்தையோடு ஒரு பெண், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், கட்டட வேலைக்குப் போகிற சிலர் என்று பாதி இருக்கைகள் நிரம்பியிருந்தன.

மேலே ஏறியதும் கடல் காற்றில்லாமல் படுத்துக் கிடந்தது. முந்தைய நாள் இரவு பவளப்பாறைகள் முட்டை விட்டிருந்தன. அந்த முட்டைகள் மிதந்து வந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து, நீலத் தண்ணீரின்மேல் இளஞ்சிவப்புப் பட்டைகளாக நீண்டு கிடந்தன. சில இடத்தில் நாடாபோல, சில இடத்தில் யாரோ ஈரத் துணியை உதறிப் போட்டதுபோல. எங்களுக்கு இது புதிதில்லை. ஆனால் அன்றைக்குப்போல் அடர்த்தியாக நான் பார்த்ததில்லை.

விமானம் மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. ஜன்னல் முழுக்கக் கடல் வந்தது. சிவப்புப் பட்டையின் நடுவே பெரிய திருக்கை ஒன்று இறக்கையை அசைத்துக்கொண்டு போவது தெரிந்தது. அதன் நிழலும் எங்கள் விமானத்தின் நிழலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தியது.

"கேப்டன், உயரம் குறையுது" என்றாள் மாயுமி.

"தெரியும். கீழ பாரு."

"இது நம்ம வழி இல்ல கேப்டன்."

"ஒரு சுத்துதான். பாரு, எப்படி மிதக்குது."

ஒரு சுற்று இரண்டாயிற்று. ஆசிரியர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன். யாரோ என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதுபோல் இருந்தது, பல்வலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

மாயுமி மட்டும் கீழே பார்க்கவில்லை. அவர் பக்கமாகக் குனிந்தாள். அவர் மூச்சில் சாராய வாடை அடித்திருக்க வேண்டும். பிறகு அவருக்கும் முதல் வரிசையில் இருந்த எனக்கும் மட்டும் கேட்கும் குரலில் கேட்டாள்.

"கேப்டன், குடிச்சீங்களா?"

அவர் யோசித்தார். "நேத்து."

"நேத்து எவ்வளவு?"

அவர் மறுபடி கீழே கடலைப் பார்த்தார்.

"கையை எடுங்க. நான் ஓட்டுறேன்."

அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அவளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் தூங்குகிற பிள்ளையைக் கைமாற்றித் தருவதுபோல் மெல்லக் கையை எடுத்தார். "சரி. நீ ஓட்டு" என்றார். நாஹா வரைக்கும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் அழகாக இறக்கினாள். அதற்கு முன்பே ரேடியோவில் சொல்லிவிட்டிருந்தாள். பயணிகள் "நல்லா காட்டுனீங்க கேப்டன்" என்று அவருக்குத் தலை வணங்கிவிட்டு இறங்க, கீழே கம்பெனி ஆளும் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றிருந்தார்கள். ஊதச் சொன்னார்கள், ஊதினார். கருவியைப் பார்த்த இளம் போலீஸ்காரர் சங்கடத்தோடு, "மன்னிக்கணும், இன்னொரு தடவை" என்றார். இரண்டாவது முறையும் அதே கணக்குதான் வந்தது. மாயுமி கொஞ்சம் தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தாள். வண்டியில் ஏறும்போது அவர் திரும்பி, "இறக்கினது நல்லா இருந்துச்சு" என்று அவளிடம் சொன்னார்.

அதன்பிறகு நடந்தவை வரிசையாக வந்தன. கம்பெனி வேலையிலிருந்து நீக்கியது. போக்குவரத்துத் துறை விமானி உரிமத்தை ரத்து செய்தது. அவர் பறப்பதற்கு முன்பே சோதனையில் மாட்டியவர் இல்லை. போதை இறங்காமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்தவர். அதனால் அது குற்ற வழக்காகவே போனது. நானும் சாட்சி சொல்ல நாஹாவுக்குப் போனேன், கப்பலில்.

நீதிமன்றத்தில் அவர் எதையும் மறுக்கவில்லை. வக்கீல், அப்பா இறந்த துக்கத்தை எடுத்துச் சொன்னார். அது முடிந்ததும் நீதிபதி அம்மா இராமினாவைக் கேட்டார்:

"ஓட்டும்போது உங்களுக்குத் தடுமாற்றம் ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்லைங்க. அவ்வளவு தெளிவா நான் என்னைக்கும் இருந்ததில்ல."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். இராமினா தொடர்ந்து சொன்னார்:

"எப்பவும் எனக்கு வயித்துல ஒரு சின்ன பயம் இருக்கும்ங்க. இத்தனை வருஷமும் இருந்துச்சு. அன்னைக்கு அது இல்ல. இல்லாம போனதுகூட எனக்குத் தெரியல. பின்னாடி சீட்ல ஒரு கைக்குழந்தை இருந்துச்சு."

பத்து மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மூன்று வருஷம் வேறு தப்பு செய்யாமல் இருந்தால் உள்ளே போகவேண்டாம். அவர் நன்றாகக் குனிந்து வணங்கினார். மிட்சுயோ வெளியே வந்ததும் அவருடைய கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

தீவில் கோபம் அவர்மேல் வரவில்லை. மாயுமிமேல் வந்தது. வேறு கேப்டன் கிடைக்காமல் விமானம் அந்தக் கோடை முழுக்க நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்கூடக் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

"ஒருத்தனுக்காவது நகம் பேந்துச்சா? அதுக்குள்ள போலீசா?" என்றார்கள் கூட்டுறவுக் கடையில்.

"சொல்லிக்கொடுத்த வாத்தியாரைக் கவுத்துட்டு அந்த சீட்ல உக்காரத் துடிக்கிறா."

மாயுமியின் அம்மா ஃபுமியின் டோஃபுக் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. காலையில் சோயாப்பாலில் செய்த, இன்னும் கட்டி சேராத சூடான டோஃபுக்கு வரிசை நிற்கிற கடை அது. ஃபுமி பாத்திரத்தை மூடியபடியே உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். மாயுமி நாஹாவில் அறை எடுத்துப் போய்விட்டாள்.

ஒருநாள் காலை இராமினா அந்தக் கடைக்குப் போனார். வாசல் பெஞ்சில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளும் போனார். வழியில் போகிறவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டு, மெதுவாக, ஆறவிட்டுச் சாப்பிடுவார். மனுஷர் நான்கு தெருவுக்கும் தெரிகிறமாதிரி உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"வெக்கமா இல்ல உனக்கு? உன் சோத்துல மண்ணைப் போட்டவ வீட்டு டோஃபு இனிக்குதா?"

"உப்பு சரியா இருக்கு பெரியப்பா. உக்காருங்க."

"அவ வாயைத் திறக்காம இருந்திருந்தா நீ இன்னைக்குக் கேப்டன்."

"திறக்காம இருந்திருந்தா அடுத்த வருஷம் கல்லறைலயும் குடிச்சிருப்பேன். அதுக்கு மறுநாளும் பறந்திருப்பேன். அந்தப் பிள்ளை என்னை வானத்துலயே நிறுத்துச்சு. நீங்க தரைல வச்சே நிறுத்தியிருக்கணும், நானும் நின்னிருக்கணும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பெரியப்பா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். ஃபுமி உள்ளேயிருந்து இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். அவர் சாப்பிட்டார், திட்டிக்கொண்டேதான். அந்த வாரத்திலிருந்து வரிசை திரும்ப வந்தது.

சோயாப்பாலைத் திரியவைக்கக் கடல்நீர் வேண்டும். அதை மொண்டுவர ஃபுமிக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையை இராமினா எடுத்துக்கொண்டார். நீர் இறங்கும் நேரம் பார்த்துப் பாறை விளிம்புவரை நடந்துபோய், கலங்காத தண்ணீராக மொண்டு வருவார். சில நாள் வாளியோடு அங்கேயே நின்றுவிடுவார். "பால் கொதிச்சு வழியுது, எங்க கேப்டன் இன்னும் கடல்லயே நிக்கிறாரு" என்று ஃபுமி கத்துவாள்.

விமானம் மறுபடி ஓடத் தொடங்கியது. என் கவுண்டரில் ஊதும் கருவி வந்தது, ஓட்டுகிறவர்கள் எங்கள் கண்முன்னால் ஊதிவிட்டுத்தான் ஏறவேண்டும். சில வருஷம் கழித்து மாயுமி கேப்டனாகத் தீவுக்கே திரும்பினாள். இராமினாவின் மூன்று வருஷக் கெடு முடிந்ததும் கடைக்கு வந்து கேட்டாள்:

"மறுபடி பரீட்சை எழுதலாம் கேப்டன். சட்டம் தடுக்காது. நான் விசாரிச்சேன்."

"கண் பரிசோதனைலயே போயிடுவேன் மாயுமி."

"கண்ணாடி போட்டா சரியாயிடும்."

"சட்டம் விட்டுடுச்சு, சரி. எனக்கு வேண்டாம். போதும்னு தோணுது" என்றார். அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வாளிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போன மாதம் அவர் மகளுக்கு நாஹாவில் குழந்தை பிறந்தது. அவரும் மிட்சுயோவும் விமானத்துக்கு வந்தார்கள். அந்த வழக்குக்குப் பிறகு அவர் விமானத்தில் ஏறுவது அதுதான் முதல்முறை, அதுவரை எங்கே போனாலும் கப்பல்தான். நானும் அன்றைக்கு ஒரு வேலையாக நாஹா போனேன். மாயுமி அவரை முதல் வரிசையில் உட்காரவைத்தாள். பெல்ட்டை அவளே இழுத்துப் பார்த்துவிட்டு ஓட்டப் போனாள்.

இன்ஜின் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அவர் தலை மிட்சுயோவின் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஓடுபாதையை விட்டு எழும்பியதும் அவருக்குத் தெரியாது, மேகத்துக்குள் போய் வந்ததும் தெரியாது. நான் எழுப்பலாமா என்று கையை நீட்டினேன். மிட்சுயோ தலையாட்டி வேண்டாம் என்றாள்.

நாஹாவில் கதவு திறந்து வெளிச்சம் முகத்தில் விழுந்தபோதுதான் விழித்தார்.

"வந்துட்டோமா?" என்றார்.

"வந்தாச்சு. வாயைத் தொடைங்க" என்று மிட்சுயோ கைக்குட்டையைக் கொடுத்தாள்.