மாராயி காத்த பத்தியம்

மலைமேல் உள்ள வாழவந்தி நாட்டு மாராயி லேசுப்பட்டவள் இல்லை. பத்தியம் என்று வந்துவிட்டால் அவளிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. மூன்று வருடத்துக்கு முன்பு, மிளகு பறிக்க ஏணியில் ஏறிய புருஷன் சென்றாயனுக்கு நெஞ்சு அடைத்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி, கை நிறைய மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டு அத்தாயி, "முட்டையெல்லாம் கொழுப்பு அக்கா, நெஞ்சுக்கு ஆகாது" என்று ஓதிவிட்டுப் போனாள். அன்றோடு அந்த வீட்டில் முட்டை நின்றது. மலையில் மருந்து என்றால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அதற்கு மேல் உடம்பைக் காப்பது பத்தியம்தான். அப்படியே பார்த்து வளர்ந்தவள், நாற்பத்தொன்பதாம் நாள் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சென்றாயனோ முட்டைப் பைத்தியம். சந்தையில் விற்கச் சேர்த்துக் கூடையில் வைத்திருக்கும் முட்டைகளைப் பார்த்துக்கொண்டே சாமைச் சோற்றில் ரசத்தைப் பிசைவான்.

"ஏனுங்க, உங்களுக்கு உசுரு பெருசா, நாக்கு பெருசா?"

"நாக்குதான் புள்ள" என்று சிரிப்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் மறுபடியும் அடைத்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று நாமக்கல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டார்.

"மூணு வருசமா ஒரு முட்டையக்கூடத் தொட உடலீங்க" என்றாள் மாராயி, பெருமையாக.

மாத்திரையை ஒரு மண்டலத்தோடு நிறுத்தியதையும் சொன்னாள். "முட்டை அளவா சாப்பிட்டிருக்கலாம்மா. மாத்திரையைத்தான் விட்டிருக்கக் கூடாது. அது ஆயுசுக்கும் போட வேண்டியது" என்றார் டாக்டரம்மா.

மாராயி எழுந்து புருஷனிடம் போனாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒன்னு சொல்றேன், வையாத புள்ள. போன வாரம் பேளுக்குறிச்சி சந்தைல ஒரு ஆப்பாயில் தின்னுட்டேன். அதான் இப்பிடி ஆயிருச்சு. நீ இத்தன வருசம் காப்பாத்துனத நானே கெடுத்துட்டேன்."

இல்லீங்க, தப்பு என்மேலதான் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மூன்று வருடமாக அதட்டியே பழகிய வாய்க்கு அதைச் சொல்லத் துணிவு வரவில்லை. "உடுங்க, ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றாள்.

அவன் வீட்டுக்கு வரவில்லை. அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தான். மாத்திரை விஷயத்தில் அவளைத் தேற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படிக்காதவளுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். ஆசைப்பட்டுத் தின்ற ஒரு முட்டைதான் தன்னைக் கொன்றது என்று நம்பிக்கொண்டே அவன் செத்தானே, அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.