சோபனாவின் இடது கால்

சோபனா என்ற பேரை நான் முதலில் கேட்டது போனில்தான். வத்தல்மலையிலிருந்து என் அண்ணன் மகள் கருப்பி கூப்பிட்டாள்.

“பொட்டப்புள்ள அத்தே. சோபனான்னு பேர் வச்சிருக்கோம்.”

எங்கள் வகையறாவில் செல்லி, மாது என்றுதான் பேர் வரும். “வாயில நொழையற பேரே கெடைக்கலியாடி?” என்று சிரித்தேன்.

ஏழு வயதில் அவளுக்கு இரண்டு முழங்காலும் வீங்கின. விடிந்தால் எழுந்து நிற்க முடியாது. கருப்பி பழைய சேலையை மடித்து முழங்காலுக்கு அடியில் வைப்பாள். வலி குறைந்து பிள்ளை தூங்கும். ஒரு வருஷம் அப்படியே படுத்தாள். கால்கள் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டன. உட்கார்ந்தபடியே நகர்ந்துதான் வாசலுக்கு வருவாள்.

குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மாத்திரையில் வீக்கத்தை அடக்கி, முழங்காலுக்குப் பின்னால் இறுகிப்போன தசைநாரை அறுத்து நீட்டி, கால்களை நேராக்கினார்கள். மாவுக்கட்டைப் பிரித்ததும், முழங்கால் மறுபடி மடங்காமலிருக்க இரண்டு காலுக்கும் நீளமான பட்டை கட்டினார்கள்.

“ஆறு மாசம், பயிற்சி நேரம் தவிர கழட்டக் கூடாதும்மா. அடியில துணி வைக்கவே கூடாது. துணி வச்சுத்தான் கால் இப்படி மடங்கிப்போச்சு” என்றார் டாக்டர்.

கருப்பி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ராகி அறுப்புக்குப் போன நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் மலைக்குப் போனேன். இடது காலில்தான் வலி அதிகம்.

“ஆயா, கொஞ்ச நேரம் கழட்டேன். அந்தப் போலீசு வூட்டுக்கு வர்றதுக்குள்ள கட்டிக்கலாம்” என்பாள். போலீசு என்றது அம்மாவை.

மனசு கேட்கவில்லை. பட்டையைக் கழற்றி, சேலையை மடித்து அடியில் வைத்தேன். ராகியை அறுத்து அடித்து முடியும் வரைக்கும், ஒரு மாதம், தினமும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கால்களை நீட்டிப் பார்த்தார். வலது கால் கட்டிலோடு படிந்தது. இடது கால் பாதியில் நின்றது.

“பட்டைய யார்றீ கழட்டுனது?” என்றாள் கருப்பி.

“நான்தாம்மா” என்றாள் சோபனா, என்னைப் பார்க்காமல்.

கருப்பி ஓங்கி அறைந்தாள். பக்கத்தில்தான் நின்றேன். இன்னொரு முறை அறுக்கலாம் என்றார்கள். பிள்ளை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தின கத்தலில் கூட்டி வந்துவிட்டோம். கழற்றினது யார் என்று இன்றைக்கு வரைக்கும் கருப்பிக்குத் தெரியாது.

சோபனாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. அரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறாள். இடது செருப்புக்கு அடியில் கட்டை வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறாள்.