ஆபிதாவின் இலுப்பைத் தோப்பு

ஆபிதா யாரையும் எளிதில் நம்பமாட்டாள். கடையிலிருந்து வரும் பருப்பைக் கொட்டிக் கிளறி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் உள்ளே எடுத்து வைப்பாள். கணவர் இறந்த பிறகு இந்தக் குணம் இன்னும் முற்றியது.

உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் அவளுக்கு மூன்று ஏக்கர் இலுப்பைத் தோப்பு இருந்தது. கல்யாணத்தின்போது கணவர் மஹராக, மணக்கொடையாக எழுதிக் கொடுத்தது. 1934-ல் அந்தத் தோப்பைப் பற்றி நகரசபையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. குர்ஆன் ஓதவும், அரபு எழுத்தில் தமிழ் எழுதவும் அவளுக்குத் தெரியும். அச்சுத் தமிழ் தெரியாது. கணவரின் தம்பி பஷீர் அகமதுதான் படித்துச் சொன்னார். பொதுமக்களுக்குப் பூங்கா அமைக்கத் தோப்பை எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம்.

"பார்க்குன்னுதான் எடுப்பாங்க, அண்ணி. ரெண்டு வருஷத்துல மனை போட்டு வித்துடுவாங்க. பேசாம என் பேருக்கு மாத்திடுங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

முதல் பாதியை அவள் நம்பினாள். இரண்டாவது பாதி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜட்காவில் ஏறினாள். துணைக்குத் தன் மகள் படித்த பள்ளியின் டீச்சர் டோரதியை அழைத்துக்கொண்டாள். நகரசபை ஆபீசில் ஓவர்சியர் அற்புதசாமி வரைபடத்தை மேஜையில் விரித்துக் காட்டினார். வாய்க்கால் கரையில் மூன்று தோப்புகள் இருந்தன, இரண்டை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள், கோட்டைப் பக்கத்து ஜனங்களுக்கு நிழலில் உட்கார வேறு இடமே இல்லை என்று சொன்னார்.

"இதுவும் போயிட்டா, அப்புறம் காப்பாத்தறதுக்கு ஒண்ணும் இருக்காதும்மா."

பேச்சு ரொம்ப இனிப்பாக இருப்பதாக ஆபிதாவுக்குப் பட்டது. படத்தில் புள்ளி புள்ளியாக ஓடிய கோடு என்னவென்று கேட்டாள். நடைபாதை என்றார். அதில் வண்டி போகுமா என்று கேட்டாள். போகாது என்றார். ஏன் போகாது என்று கேட்டாள். அற்புதசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அகலம் நாலடிதான் என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் காகிதக் கட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினார்.

"ஆனா நீங்கதான் வேண்டாம்னு மனு கொடுத்திருக்கீங்களே?"

டோரதி வாங்கிப் படித்தாள். தோப்பைப் பஷீர் அகமதின் தோல் கிடங்குக்குக் கொடுக்க ஏற்கனவே பேசி முடித்தாகிவிட்டதாம். அதனால் நகரசபை அதை விட்டுவிட வேண்டுமாம். அடியில் ஆபிதாவின் பெயரும் ஒரு கைநாட்டும் இருந்தன.

ஆபிதா குனிந்து அந்த மசி ரேகையைப் பார்த்தாள். பிறகு ஓவர்சியரின் பேனாவைக் கேட்டு வாங்கி, ஒரு துண்டுக் காகிதத்தில் வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினாள்.

"இதுதான் என் கையெழுத்து. அது யார் விரல்னு எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலமே ஆபீசில் கேட்டு வாங்கி வந்த மனுவின் நகலைப் பள்ளிவாசலில் ஓதுவிக்கும் பெரியவரிடம் தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். டோரதி மாற்றிப் படித்திருந்தால்? பெரியவரும் அதையேதான் படித்தார். அதற்குப் பிறகுதான் பஷீர் அகமதை வரச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. குடும்பத்துச் சொத்து வெளியே போகக் கூடாதென்றுதான் செய்தேன் என்றார்.

"இனிமே என் வாசல்ல செருப்பைக் கழட்டாதீங்க, தம்பி" என்று மட்டும் சொன்னாள் ஆபிதா.

தோப்பை நகரசபைக்கே கொடுப்பதென்று முடிவு செய்தாள்; ஆனால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. மரத்தை வெட்டக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது என்று பத்திரத்தில் எழுத வைத்தாள். அதையும் இரண்டு பேரிடம் தனித்தனியாகப் படிக்கக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போட்டாள்.

பூங்கா திறந்து இரண்டு வருஷம் வரை வியாழக்கிழமைதோறும் ஜட்காவில் போய் மரங்களை எண்ணினாள். ஒரு முறை ஒன்று குறைந்தது. நேரே ஆபீசுக்குப் போனாள். அற்புதசாமி கூடவே வந்து, ஆடிக் காற்றில் முறிந்தது என்று அடிமரத்தைக் காட்டினார். ஆபிதா குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். ரம்பம் பட்ட இடம் வழவழப்பாக இருக்கும். இது சிம்பு சிம்பாகக் குத்தியது. சரி என்று தலையசைத்தாள்.

1941-ல் ஒரு காலையில் அந்த வழியாகப் போகும்போது அதே பூங்காவில் பஷீர் அகமதைப் பார்த்தாள். மெலிந்து போயிருந்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார். ஏழு வருஷம் பேசாதவள் ஜட்காவை நிறுத்தச் சொன்னாள்.

"எதை அளக்குறீங்க?"

அவர் திடுக்கிட்டு நின்றார். சர்க்கரை வியாதி, தினமும் அரை மணி நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்றார். இங்கேதான் நிழல் இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

ஆபிதா வண்டியை விடச் சொன்னாள். மறுநாளும் அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்தாள். அதற்கடுத்த நாளும் போனாள். அவர் நடந்துகொண்டுதான் இருந்தார்.