மரேட்டா வீட்டு ஆள் கணக்கு

மரேட்டாவின் வீடு எங்கே என்று பெசோவில் நாலு பேரைக் கேட்டால் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒனோட்டோவா தீவில் எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து தலைநகருக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் பாயைச் சுருட்டும்போதே விலாசத்தையும் சொல்லி அனுப்பிவிடுவார்கள்: தராவாவில் இறங்கு, பெசோ துறைமுகத்து வாசலில் மீன் விற்கிற மரேட்டா எங்கே என்று கேள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

கல்யாணமாகி அவள் பெசோவுக்கு வந்த புதிதில், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் ஆறு பேர் என்று எழுதிக்கொண்டு போனார். ஐந்து வருஷம் கழித்து வந்தவர் பதினொன்று என்று எழுதினார். அதற்கடுத்து வந்தவருக்குப் படிவத்தில் இடம் போதவில்லை. இன்னொரு தாள் வாங்க ஆபீசுக்கு ஓடினார். தராவா நிரம்பி வழிகிறது என்று வானொலியில் கவலைப்பட்டார்கள். மரேட்டா கவலைப்படவில்லை, பெரிய சோற்றுப் பானையாக ஒன்று வாங்கினாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் புபுசிதான். சொந்தக்காரன் எதிரே வந்து உட்கார்ந்து, "உன்கிட்ட புபுசி கேக்குறேன்" என்று எதையாவது கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னவர் முகத்தில் அப்புறம் யாரும் விழிக்க மாட்டார்கள். மரேட்டா சொன்னதே இல்லை. வலையைக் கேட்டார்கள், கொடுத்தாள். கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் அனுப்பிய ரேடியோவைக் கேட்டார்கள், பாடிக்கொண்டிருந்ததை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். ஆனால் அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வமும் உண்டு.

இந்த வருஷம் மகள் ரோரேசிக்காக ஓர் அறை கட்டினாள். வீடு என்பது நாலு பக்கமும் திறந்த மேடை, மேலே ஓலை. அதில் பதினெட்டுப் பேர் புரண்டு படுக்கிற இடத்தில் பாடப் புத்தகத்தை எங்கே விரிப்பது? போன வருஷம் ரோரேசி நர்ஸ் படிப்புக்கான தேர்வில் தோற்றதற்கு அதுதான் காரணம். இந்தத் தடவையும் தோற்றால் மறுபடி எழுத விட மாட்டார்கள். அதனால் மீன் விற்ற காசில் பலகை பலகையாக வாங்கி, தகரக் கூரை போட்டு, கதவும் வைத்தாள் மரேட்டா. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அறை கட்டி முடித்த ஐந்தாம் நாள் ஒனோட்டோவாவிலிருந்து கப்பல் வந்தது. சித்தப்பா மகன் தமுவேரா, மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு பன்றிக்குட்டி. ஆறு உயிர்கள். பன்றியைக் கட்டிப்போட்டுவிட்டு தமுவேரா நேரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, உன்கிட்ட புபுசி கேக்குறேன். அந்தக் கதவு வச்ச ரூமு."

"எடுத்துக்கோ தம்பி" என்று அவள் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

ரோரேசி புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் அழுது சண்டை போட்டிருந்தால்கூட மரேட்டாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் துறைமுக வாசலில், பக்கத்தில் பெட்டி வைத்து மீன் விற்கிற ரூட்டா நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பன்னிக்குட்டிக்கும் ஒரு ரூம் கட்டிக் குடு."

"என்னை என்னடி பண்ணச் சொல்ற? இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"சொல்லாத. நீயும் கேளு. புபுசி என்ன அவனுக்கு மட்டுமா எழுதி வச்சிருக்கு? இப்ப ரூமு அவனோடது. போய் அவன்கிட்டயே கேளு."

"நானா? நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் கேட்டதில்ல."

"அதான்டி உன் திமிரு" என்றாள் ரூட்டா, மீனுக்குப் பனிக்கட்டி போட்டபடி.

சுருக்கென்றது. அன்று மரேட்டா இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தாள். திமிரா? ஊருக்கெல்லாம் சோறு போட்டவளுக்கு இந்தப் பெயரா? யோசிக்க யோசிக்கக் கோபம் போய்ச் சந்தேகம் வந்தது.

அவள் வீடு திரும்பியபோது தமுவேரா பன்றிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். வேலை தேடிக் காலையிலிருந்து அலைந்தவன், எதுவும் கிடைக்கவில்லை என்று முகமே சொன்னது. மரேட்டா அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கேட்பது இவ்வளவு கஷ்டமா? இத்தனை வருஷம் இத்தனை பேர் இப்படித்தான் அவள் முன்னால் உட்கார்ந்தார்களா?

"தம்பி... உன்கிட்ட புபுசி கேக்குறேன்."

துருவல் நின்றது. "என்கிட்டயா?"

"ஆமா. அந்த ரூம எனக்குக் குடு."

தமுவேரா எழுந்தான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுப் பொத்தான் மாட்டினான். அப்புறம்தான் பேசினான்.

"அக்கா, நீ கேட்டு நான் இல்லைன்னு சொல்வேனா? எடுத்துக்கோ!"

குடும்பத்தையும் பாயையும் அவனே மேடைக்கு மாற்றினான். ரோரேசியின் புத்தகங்களை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் அறையில் வைத்தான். "ஏய், அங்க சத்தம் போடாதீங்க, பிள்ள படிக்குது!" என்று பதினாறு வருஷமாக அங்கே இருப்பவர்களையும் சேர்த்து அதட்டினான். கப்பலை விட்டு இறங்கியபோது இருந்த கூனல் அவனிடம் இல்லை. அதைப் பார்த்து மரேட்டாவுக்கு வெட்கமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரையும் கை நீட்டவே வைத்திருக்கிறோம் என்று தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள், கையில் இரண்டு தாளுடன். யாரோ முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பெயர்களை எழுதி முடிக்கவே வெயில் ஏறிவிட்டது.

"மொத்தம் இருபத்துமூணு. சரி, அந்த ரூமு யாரோடது?"

மரேட்டா வாயைத் திறப்பதற்குள் தமுவேரா முன்னால் வந்து நின்றான். இன்றும் சட்டை போட்டிருந்தான்.

"என்னோடது. அக்கா மக படிக்கட்டும்னு குடுத்திருக்கேன்."

மரேட்டா பலகைகளைச் சுமந்து வந்ததைப் பார்த்த அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வந்த பெண்ணும் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"அப்படியா அத்தை?"

"ஆமாம்மா" என்றாள் மரேட்டா. "நான் கேட்டேன், என் தம்பி குடுத்தான். அவன் பேரையே எழுதிக்கோ."