சிட்டுக்கு அரை இஞ்சு கூட

எங்க வீட்டுக்காரரு பேரு முத்திருளன். பழங்காநத்தத்துல அந்தப் பேரைச் சொல்லி விசாரிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. கணிப்பு முத்திருளன்னு கேளுங்க, வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. கே.கே. நகர்ல ஒரு பள்ளிக்கூடத்து கேட்ல வாட்ச்மேன் வேலை. வாரத்துல ஆறு நாளு நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு வார காருக்கும் போற காருக்கும் கேட்டைத் தொறந்து மூடணும். ஏழாம் நாளு இந்த மனுசனைப் பிடிக்க முடியாது. அன்னைக்கு இவரு வாயில இருந்து விழுற மூணு பேருக்காக ஒரு கூட்டமே காத்துக் கெடக்கும்.

மூணு பேருன்னா, குதிரை வண்டிப் பந்தயத்துல எது மொதல்ல வரும், எது ரெண்டாவது, எது மூணாவதுன்னு முன்கூட்டியே சொல்றது. அம்புட்டுத்தான். மதுரையச் சுத்தி எந்த ஊருக் கோயில்ல பொங்கல் வச்சாலும் மாட்டு வண்டி விட்ட கையோட குதிரை வண்டியும் விடுவாங்க. பெரிய குதிரை, நடுக் குதிரை, சின்னக் குதிரைன்னு மூணு ஓட்டம். தார் ரோட்டுல போக நாலு மைலு, வர நாலு மைலு. திரும்புற எடத்துல ஒரு கொடி இருக்கும். எந்த வண்டி மொதல்ல போயி அந்தக் கொடிய வாங்குதோ, அதோட பேரை அப்பவே மைக்குல சொல்லுவாங்க.

இவரு விடியுறதுக்குள்ள அங்க போயிருவாரு. ரோட்டோரம் புளியமரத்துல குதிரைகளக் கட்டிப் போட்டிருப்பாங்க. ஒவ்வொண்ணுகிட்டயும் போயி, மொதல்ல காலைத்தான் பாப்பாரு. நாலு காலையும் ஒண்ணொண்ணாத் தூக்கி மடியில வச்சு, குளம்பைப் பெருவிரலால அமுக்குவாரு. அமுக்கையில குதிரை காதை எப்பிடி வைக்குதுன்னு பாப்பாரு. அப்புறம் தண்ணி குடிக்கிறதை, மூச்சு வாங்குறதை, கடைசியா வண்டி ஓட்டுறவன் மூஞ்சிய. எல்லாம் பாத்து முடிச்சு ஒரு டீயக் குடிச்சிட்டு மூணு பேரைச் சொல்லுவாரு. பத்துக்கு எட்டு தப்பாது. என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இந்த மனுசன் மூஞ்சியப் பாக்கல, காலைத்தான் பாத்தாரு. எங்க சித்திமாரு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

இவரு பேச்சைக் கேட்டுப் பணம் கட்டுனவங்க எத்தனையோ பேரு. இவரு ஒரு நாளும் கட்டுனது கெடையாது. இம்புட்டுத் தெரிஞ்சும் வீட்டுக்கு ஒண்ணும் வரலயேன்னு நானும் ஏசிப் பாத்திருக்கேன். பணம் கட்டிட்டா நாம ஆசைப்படுற குதிரைதான் நல்லா ஓடுற மாதிரித் தெரியும், அப்புறம் கண்ணு வேலைக்காகாதுன்னாரு. பொய்யும் சொல்ல மாட்டாரு. ஒரு தடவை ஒருத்தருகிட்ட, உங்க குதிரை பாதி தூரம் தாண்டாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல, அந்தாளு இவரு சட்டையப் பிடிச்சு உலுக்கிட்டாரு. குதிரை ரெண்டாவது மைல்ல நின்னு போச்சு. கிழிஞ்ச சட்டையத் தச்சது நானு.

எனக்கு ஒரே தம்பி, செல்வக்குமாரு. நாகமலை புதுக்கோட்டையில ஷேர் ஆட்டோ ஓட்டுனான், யுனிவர்சிட்டிக்குப் போற பிள்ளைகதான் சவாரி. மச்சான் கூடப் பந்தயம் பாக்கப் போயிப் போயி அவனுக்கும் கிறுக்குப் பிடிச்சுப் போச்சு. ஒரு பெட்டைக் குட்டிய வாங்கி வளத்தான். செவலை, முன்னங்கால் ரெண்டும் முட்டி வரைக்கும் வெள்ளை. சிட்டுன்னு பேரு வச்சான். அவன் பழைய சோறு திம்பான், அதுக்குக் கொள்ளும் கேரட்டும். முப்பத்திமூணு வயசாச்சு, ஒரு பொண்ணு அமையல. ஆட்டோக்காரனுக்குக் கூடக் குடுப்போம், குதிரைக்காரனுக்குக் குடுக்க மாட்டோம்னு ரெண்டு எடத்துல சொல்லிட்டாங்க. அதெல்லாம் அவன் காதுலயே போட்டுக்கல.

நாலு வருசம் நடுக் குதிரையில ஓட்டுனான். நாலு வருசமும் நாலாவது, இல்லாட்டி அஞ்சாவது. மூணு வண்டிக்குத்தான் பரிசு, நாலாவது வந்தவன் பேரை மைக்குல சொல்ல மாட்டாங்க. ஒரே ஒரு தடவை என் பேரும் சிட்டு பேரும் மைக்குல கேக்கணும்க்கா, அது போதும்பான். ஒவ்வொரு பந்தயத்துக்கும் காலையில வந்து, சிட்டு எப்பிடி மச்சான்னு கேப்பான். இவரு நாலு காலையும் பாத்துட்டு, நாலாவது மாப்ளம்பாரு. அப்பிடியே வரும். பொறந்த வீட்டுப் பையன் ஆசையாக் கேக்குறான், ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னா கொறஞ்சா போயிருவீங்கன்னு நான் சண்டை போட்டிருக்கேன். இன்னைக்கு நினைச்சா என் வாயிலயே ரெண்டு போட்டுக்கலாம்னு இருக்கு.

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை தம்பி எங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். கடைசி வரைக்கும் இப்பிடித்தானா மச்சான்னு கேட்டான். என் பேச்சு உறுத்துச்சோ என்னமோ, இவரு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னாரு.

"நடுக் குதிரையில விடுற வரைக்கும் நாலாவதுதான் மாப்ள. சின்னக் குதிரையில விட்டா சிட்டைத் தொட ஆளு கெடையாது. என்ன செய்ய, அரை இஞ்சு கூடிப்போச்சு."

பந்தயத்துல குதிரைக்கு உயரம் அளப்பாங்க. லாடம் அடிச்ச காலோட நிக்க வச்சு, தோள்மேட்டுல கம்பை வச்சு அளந்து, இது சின்னது, இது நடுன்னு பிரிப்பாங்க. சிட்டு ஒவ்வொரு தடவையும் அரை இஞ்சுல நடுக் குதிரைக்குப் போயிரும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா சின்னதுல விட்டா ஜெயிக்கும்னு கணிப்பு முத்திருளன் வாயில இருந்து வந்தது அன்னைக்குத்தான். தம்பி சோத்துல கைய வச்சபடி அப்பிடியே உக்காந்திருந்தான். எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இன்னொரு கரண்டி ரசம் ஊத்துனேன்.

உயரத்தை எங்க இருந்து கொறைப்பான்? முதுகைச் சீவ முடியுமா? குளம்பைத்தான் சீவணும். மாசி மாசம் போன் போட்டான். அக்கா, குளம்பைச் சீவி மெல்லிசா லாடம் அடிச்சாச்சு, அளந்து பாத்தேன், சின்னக் குதிரை அளவுக்குள்ள வந்துருச்சு, மச்சான்கிட்டச் சொல்லிருன்னான். நானும் சொன்னேன். இவரு சட்டைப் பித்தானைப் போட்டுக்கிட்டு இருந்தவரு அப்பிடியே நின்னுட்டாரு. அரை இஞ்சு சீவுனா குளம்புல மிச்சம் என்ன இருக்கும்னு இவருக்குத் தெரியாதா? ஏங்க, ஒண்ணும் ஆகாதுல்லன்னு கேட்டேன். வளந்துரும்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டு வேலைக்குக் கெளம்பிட்டாரு. பந்தயத்துக்கு இருபது நாளுதான் இருந்துச்சு.

பங்குனிப் பொங்கலு, திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. எனக்கு மாவு யாவாரம், ஞாயித்துக்கிழமைதான் நல்லா ஓடும், அதனால நான் போகல. கிரைண்டரைப் போட்டுவிட்டு போன்ல லைவ் பாத்துக்கிட்டு இருந்தேன். வீடியோக்காரரு ஒருத்தரு காலையில இருந்தே இவரு பின்னாலயே போனாரு. சின்னக் குதிரை பதினொண்ணு. பத்துக் குதிரைக்கும் இவரு காலைத் தூக்கிப் பாக்குறாரு, அமுக்குறாரு. பதினொண்ணாவது சிட்டு. கிட்டப் போயி கழுத்தைத் தடவிக் குடுத்தாரு, நெத்தியத் தடவிக் குடுத்தாரு. குனியவே இல்ல. தம்பி அவனாவே முன்னங்காலைத் தூக்கிக் காட்டி, மச்சான்னு கூப்பிடுறான். இவரு கேமரா பக்கம் திரும்பிட்டாரு.

"மொத எடம் சிட்டு. நாகமலை புதுக்கோட்டை செல்வக்குமாரு" அப்பிடின்னாரு.

நான் மாவு வாங்க வந்தவங்க கிட்டல்லாம் போனைக் காட்டுனேன். பாருங்க, எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, என் தம்பிதான் மொதல்லன்னேன். இவரு காலைப் பாக்காதது அப்ப எனக்குத் தோணவே இல்ல. அதுக்கப்புறம் நூறு தடவை அந்த வீடியோவைப் பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு. பாத்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பாரு. சொல்லக் கூடாதுன்னுதான் பாக்கல. தம்பியோ, மச்சான் ஒண்ணும் சொல்லலன்னா எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டான். கல்யாணம் ஆன பத்தொம்பது வருசத்துல ஒரு பொய் சொல்லாத மனுசன்ல.

வண்டி கெளம்புச்சு. ரெண்டு பக்கமும் பைக்கு, ஒரே புழுதி, ஹாரன் சத்தம். சிட்டு மொத மைல்லயே முன்னால வந்துருச்சு. இவரு சொன்னது சரிதான், தொட ஆளில்ல. திரும்புற எடத்துல கொடிய வாங்குனது என் தம்பிதான். மைக்குல சொன்னாங்க, கொடி நாகமலை புதுக்கோட்டை செல்வக்குமார், சிட்டு, சிட்டு, சிட்டுன்னு. கொடிய ஒத்தக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவன் சிரிச்சான். என் தம்பி அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

ஆறாவது மைல்ல சிட்டு தலையத் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பிச்சுச்சு. பங்குனி வெயிலு, தார் ரோடு கொதிக்கும். ஒரு சின்னப் பாலத்துக்கிட்ட முன்னங்கால் ரெண்டும் மடங்கி அப்பிடியே உக்காந்துருச்சு. வண்டி அதுக்கு மேல கவுந்து, தம்பி ரோட்டுல விழுந்தான். பின்னால வந்த வண்டி அவன் மேல ஏறிருச்சு. அதோட லைவ் நின்னு போச்சு. கிரைண்டர் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு, மாவு சூடேறிப் புளிச்சுப் போச்சு, நான் இவருக்கும் தம்பிக்கும் மாத்தி மாத்திப் போன் போடுறேன், யாரும் எடுக்கல.

தம்பியப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. சிட்டுக்கு மாட்டு டாக்டரு வந்து அங்கயே ஊசி போட்டு முடிச்சிட்டாரு. இவரு வெயில்ல அது பக்கத்துலயே உக்காந்திருந்தாராம். அது அடங்குனதுக்கப்புறம் முன்னங்காலைத் தூக்கி மடியில வச்சுப் பாத்தாராம். லாடம் பிஞ்சு போயி, குளம்பு ரத்தமும் சதையுமா இருந்துச்சாம். பாத்தவங்க வந்து என்கிட்டச் சொன்னாங்க.

எட்டு மாசமாச்சு. தம்பி எங்க வீட்டு முன்னறையில கட்டில்ல கெடக்கான். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி ஒண்ணும் கெடையாது. இனிமே நடக்க மாட்டான்னு டாக்டரு என்னையவும் இவரையும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, தம்பிகிட்ட யாரும் சொல்லல. இவரு வேலைக்குப் போறதுக்கு முன்னால அவனைத் தூக்கி, கழுவி, தொடச்சு, பவுடரு போட்டு விடுவாரு. திரும்பி வந்து மறுபடியும். பந்தயத்துப் பக்கமே போறதில்ல. கணிப்பு கேட்டு இன்னமும் ஆளுக வாராங்க, நான்தான் ஏசி அனுப்புறேன். அந்த வீடியோவைக் கொடி வாங்குன வரைக்கும் வெட்டிப் போட்டிருக்காங்க. அதுக்குக் கீழ, அண்ணே கணிப்பு தப்பாதுன்னு எழுதி வச்சிருக்கானுக. அதைப் படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரியும். யாரைப் போயி ஏச? இவரைத்தான் ஏசுவேன்.

போன ஞாயித்துக்கிழமை காலையில இவரு அவனுக்கு மொகம் கழுவி விட்டுட்டு, தண்ணி மக்கும் கையுமா நின்னாரு. நான் கிரைண்டரைக் கழுவிக்கிட்டு இருந்தேன்.

"எம்புட்டோ குதிரையப் பாத்துச் சொல்லியிருக்கீங்க மச்சான். என்னையும் பாத்துச் சொல்லுங்க. எந்திரிப்பேனா?"

இவரு செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்தாரு. "வார பங்குனிக்குள்ள நடந்துருவ மாப்ள" அப்பிடின்னாரு.

தம்பி கைய நீட்டி காலு மேல கெடந்த போர்வைய அவனே இழுத்து விலக்குனான்.

"அன்னைக்கும் நீங்க காலைப் பாக்கல. இன்னைக்கும் பாக்காமயே சொல்றீங்க மச்சான்."

இவரு மக்கைக் கீழ வச்சாரு. கட்டில் ஓரமா உக்காந்து, அவன் வலது காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு. குச்சியா வத்திப் போன காலு. உள்ளங்கால்ல பெருவிரலை வச்சு, நகம் வெளுக்குற அளவுக்கு அமுக்குனாரு. அமுக்குன விரலை எடுக்கவே இல்ல.

தம்பி மேல சுத்துற ஃபேனைப் பாத்துக்கிட்டுக் கேட்டான்.

"அமுக்குங்க மச்சான். ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க?"